எட்டு வரி வேண்டாம், ஒரு பக்கம் எழுதுங்கள்

கேள்வி: பாடசாலையில் வாயே திறக்காத பிள்ளை நான். தரம் 8 இல் தமிழ் படிப்பித்த டீச்சர்தான் என்னைப் பேச வைத்தார். கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை பேசாமல் நிற்பார். முதலில் இருந்த இடத்திலேயே வாசிக்கச் சொன்னார். பிறகுதான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். வருகிற டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்கள் ஆளுக்கு 2,000 ரூபா போட்டுப் பொன்னாடை, ஷீல்ட், பிரேம் போட்ட வாழ்த்துப்பா கொடுக்கப் போகிறோம். வாழ்த்துப்பாவுக்கு எட்டு வரி எழுதித் தருவீர்களா? எனக்கு மேடையில் பேச வராது.
– கொழும்பில் வேலை செய்யும் பொகவந்தலாவை வாசகி

பதில்: தரமாட்டோம். நாங்கள் எழுதினால் அகல்விளக்கே, ஏணியே, அறிவுக்கடலே என்றுதான் வரும். ஹட்டன் டீச்சருக்கும் பண்டாரவளை சேருக்கும் பெயரை மட்டும் மாற்றிப் போடக்கூடிய வரிகள் அவை. உங்கள் டீச்சர் செய்தது அதில் எங்கே இருக்கும்?

அவர் செய்ததை வெறும் அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது தொழில் தெரிந்தவரின் வேலை. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து காட்டினார். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளும், "தெரியாது" என்பது குறையும், வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசும் என்பதும் அவர் கண்டதுதான். மூன்று விநாடி கேட்கச் சின்னதாக இருக்கும். முன்வரிசையில் கையை உயர்த்திக்கொண்டு "மிஸ், மிஸ்" என்று துடிக்கும் பிள்ளைகளை அடக்கிவிட்டு அதே மூன்று விநாடி நின்று பாருங்கள், தெரியும். இருந்த இடத்தில் வாசிக்க வைத்ததும் கணக்கோடுதான். உட்கார்ந்திருக்கும் பிள்ளையை முழு வகுப்பும் திரும்பிப் பார்க்காது. குரல் பழகிய பிறகுதான் முகம் பார்க்க வைத்திருக்கிறார். எடுத்த எடுப்பிலேயே முன்னால் கூப்பிட்டிருந்தால் நீங்கள் இன்னும் இறுகியிருப்பீர்கள்.

இதைத்தான் எழுத வேண்டும், கடிதமாக, ஒரு பக்கத்தில். எந்த ஆண்டு, எந்த வகுப்பு, எந்த வாங்கில் இருந்தீர்கள் என்று தொடங்குங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தவருக்குப் பெயர் மட்டும் போதாது. திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் போடுங்கள். அடுத்து அவர் செய்த ஒரே ஒரு காரியம்: என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், பிழையாகச் சொன்னபோது அவர் என்ன செய்தார். இரண்டு, மூன்று சம்பவங்களை அடுக்கினால் பட்டியலாகிவிடும். கடைசியில், அவர் பழக்கியதால் இன்று வேலையிடத்தில் உங்களால் எதைச் செய்ய முடிகிறது என்று சொல்லுங்கள். "கூட்டத்தில் நானே எழுந்து கணக்கு விபரம் சொல்கிறேன்" என்பது போல ஒன்று போதும். "நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை" என்ற வரி வந்தால் வெட்டிவிடுங்கள். அதை அவர் நம்பமாட்டார்.

கையால் எழுதுங்கள், சாதாரண போல்பொயின்ட் பேனையால். சில ஜெல் பேனைகளின் மை ஈரம் பட்டால் ஊறும். பொகவந்தலாவை மழையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. விழாவன்று நேரில் கொடுக்காதீர்கள்: உறைகளும் பூமாலைகளும் ஒரே பையில் போய், காசு உறை மட்டும்தான் அன்றைக்குத் திறபடும். இரண்டு கிழமை கழித்துக் கிடைக்கிற மாதிரிப் பதிவுத் தபாலில் வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள். பாடசாலை விலாசம் இனி உதவாது. டீச்சர் தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தால், தோட்டத்து ஆபிசில் கடிதம் கிடந்து தாமதமாகும் கதை உங்களுக்கே தெரியும். பட்டணத்தில் உறவினர் விலாசம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

வாழ்த்துப்பா பிரேம் நிச்சயம் என்றால் அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். இங்க்ஜெட்டில் அடித்தால் ஈரத்தில் நிறம் கசியலாம். லேசர் பிரின்ட் கேளுங்கள். தாள் கண்ணாடியில் ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு கழற்றும்போது எழுத்தும் சேர்ந்து உரியும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஓரம் சுற்றித் தடித்த அட்டை வைத்து 2 மில்லிமீற்றராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று. ஓய்வு பெறுகிறவருக்கு எழுதும் பாராட்டு அவருடைய சேவைக்கு எந்த உதவியும் செய்யாது. உங்களுக்கு உதவிய வேறு ஆசிரியர் யாராவது இன்னும் சேவையில் இருந்தால், அவருக்கும் இப்போதே இப்படி ஒன்று எழுதி, அதன் பிரதியை அதிபருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். சுயவிபரக் கோவையில் சேர்க்கும்படி ஒரு வரியில் கேளுங்கள். முறைப்பாடு எழுத நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாராட்டை எழுதி அனுப்புகிறவர்கள்தான் குறைவு.

மேடையில் பெயரைக் கூப்பிட்டால் கடிதத்தின் இரண்டாம் பந்தியை மட்டும் பார்த்து வாசித்துவிட்டு வந்து உட்காருங்கள். அந்த 2,000 ரூபாவையும் கொடுத்துவிடுங்கள். அதில் வம்பு வேண்டாம்.