எண்பதுக்குப் பத்தொன்பது

அன்புள்ள ஐயா,

வயது 26. பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். எனக்கு ஆட்டிசம் என்று போன வருஷம்தான் தெரிந்தது. சென்ற மாதம் கவுன்சலர் ஒரு எம்பதி டெஸ்ட் கொடுத்தார், பிறர் உணர்வைப் புரிந்துகொள்கிறோமா என்று பார்ப்பது. 60 கேள்விகள். 80-க்கு 19 வாங்கினேன். 30-க்குக் கீழே வந்தால் குறைவு என்றார். ஆயா செத்த அன்றைக்கு மேளச் சத்தம் தாங்காமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். ‘கல்நெஞ்சுக்காரி’ என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். மூன்று வருஷம் ஆயாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான்தான். அவர்கள் சொன்னதைத்தான் இந்த 19-உம் சொல்கிறதா? திரும்ப எழுதிப் பார்க்கலாமா?

வாசகி, வண்ணாரப்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை, அந்த 19 அதைச் சொல்லவில்லை. அது எப்படி வந்தது என்று கூட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். நீங்கள் கணக்கு பார்ப்பவர்.

நீங்கள் எழுதியது ‘எம்பதி கோஷன்ட்’ என்கிற வினாத்தாள். சைமன் பாரன்-கோஹென், சாலி வீல்ரைட் என்ற ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டது. 60 வாக்கியங்களில் 20 சும்மா கலந்து வைத்தவை, அவற்றுக்கு மார்க் கிடையாது. மீதி 40-க்குத் தலா 2. ‘முழுக்க ஒப்புக்கொள்கிறேன்’ என்றால் 2, ‘ஓரளவு’ என்றால் 1. ஓரளவு மறுத்தாலும் சரி, அடியோடு மறுத்தாலும் சரி, பூஜ்யம். எதிர்மறையாகக் கேட்கும் வாக்கியங்களில் இதுவே தலைகீழாகும்.

இந்தப் பூஜ்யத்தில்தான் உங்களைப் போன்றவர்கள் மாட்டுகிறார்கள். அடுத்தவர் மனநிலையைச் சட்டென்று, தானாகவே பிடித்துவிடுவேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். நீங்கள் யோசித்துத்தான் பிடிப்பீர்கள், அரை மணி நேரம் கழித்தாவது பிடித்துவிடுவீர்கள். ‘சட்டென்று’ என்ற சொல்லுக்கு நேர்மையாக இருந்து ‘ஓரளவு மறுக்கிறேன்’ என்று டிக் அடித்தால், யார் மனமும் தனக்குப் புரியாது என்பவருக்குக் கிடைக்கும் அதே பூஜ்யம்தான் உங்களுக்கும். முடிவெட்டு எப்படி என்று ஒருவர் கேட்டால், பிடிக்காவிட்டாலும் உள்ளதைச் சொல்வீர்களா என்று ஒன்று. ஆம் என்றால் மார்க் போச்சு. இதில் அளக்கப்படுவது நாசூக்கு. விவாதத்தில் அளவு மீறிப் போகிறாய் என்று பிறர் சொல்கிறார்களா என்று இன்னொன்று. பிறர் உங்களைப் பற்றிப் பேசிய பேச்சு உங்கள் மார்க்கில் கழிகிறது. சிறு வயதிலிருந்து ‘உனக்கு ஒண்ணும் புரியாது’ என்றே கேட்டு வளர்ந்தவர் தன்னைத் தானே மதிப்பிடும் தாளில் கையை இறுக்கித்தான் போடுவார்.

30 என்ற கோடு ஆட்டிசம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரித்துப் பார்க்க வரைந்தது. முதல் ஆய்வில் ஆட்டிச நிலையாளர்களில் 81 சதவீதம் பேர் 30-க்குள் நின்றார்கள், மற்றவர்களிலும் 12 சதவீதம் பேர் அங்கேயே நின்றார்கள். ஆட்டிசம் இருப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்தத் தாள் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை.

எம்பதி என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிப்பது, அவர் வலி நம்மைத் தொடுவது, தொட்டதை ஊர் எதிர்பார்க்கும் விதத்தில் வெளியே காட்டுவது. உங்கள் தாள் மூன்றையும் ஒரே குண்டானில் போட்டுக் கிளறி ஒரு எண்ணைத் தருகிறது. மார்க் டேவிஸ் என்ற உளவியலாளர் 1980-இல் உருவாக்கிய ‘இன்டர்பெர்சனல் ரியாக்டிவிட்டி இன்டெக்ஸ்’ என்ற வினாத்தாள் இதைவிடத் தேவலை. 28 வாக்கியங்கள், ஏழேழாக நான்கு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் தனி மார்க். அதில் ஆட்டிச நிலையாளர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தவர் கோணத்தை ஊகிப்பதில் குறைகிறது, பிறர் துன்பத்தைக் கண்டு தானே நிலைகுலைவதில் கூடுகிறது. சாவு வீட்டில் மேளமும் ஒப்பாரியும் கூட்டமும் ஒரே நேரத்தில் மோதினால், இப்படிப்பட்ட ஒருவர் மாடிப்படி ஏறுவார். கீழே இருப்பவர்கள் முதுகைத்தான் பார்க்கிறார்கள்.

அதே தாளைப் பயிற்சி எடுத்துத் திரும்ப எழுதாதீர்கள். மார்க் ஏறினால், விடை பழகிவிட்டது என்பதைத் தவிர அதற்குப் பொருள் இல்லை. அதற்குப் பதில் கவுன்சலரிடம் ‘டொரன்டோ அலெக்ஸிதைமியா ஸ்கேல்’ கேளுங்கள். 20 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, 61-ம் அதற்கு மேலும் வந்தால் அலெக்ஸிதைமியா. தனக்குள் நடக்கும் உணர்ச்சிக்குப் பெயர் வைக்க முடியாத நிலை அது. வயிறு பிசையும், தொண்டை அடைக்கும், பசியா பயமா துக்கமா என்று தெரியாது. 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆட்டிச நிலையாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது இருந்தது, மற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்தான். பிறர் வலிக்கு மூளை காட்டும் எதிர்வினை மங்குவது அலெக்ஸிதைமியாவோடு சேர்ந்து வருகிறதே தவிர ஆட்டிசத்தோடு அல்ல என்று ஜெஃப்ரி பேர்டின் குழு 2010-இல் காட்டியது. என் பார்வையில் உங்கள் 19-ஐவிட இந்த எண்தான் உங்களுக்கு உதவும். கூடுதலாக வந்தால், பெயர் வைப்பதை வயிறு, தொண்டை, தோள் என்று உடம்பிலிருந்து தொடங்கிப் பழகலாம். குறைவாக வந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

கண்களை மட்டும் காட்டும் படப் பரீட்சையும் ஒருவேளை தருவார்கள். 36 படம், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொல், அந்தக் கண்களின் மனநிலைக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘சரியான’ விடை என்பது, முன்கூட்டிப் பார்த்த சிலரில் பெரும்பாலோர் தேர்ந்த சொல். படத்தில் இருந்தவர் உண்மையில் என்ன நினைத்தார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. படங்கள் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த முகங்கள், சொற்களும் கடினமான ஆங்கிலம். சொல்லுக்குப் பொருள் தரும் பட்டியல் அந்தப் பரீட்சையோடே உண்டு, கேட்டு வாங்குங்கள். 2016-இல் ஓர் ஆய்வில் பார்த்தபோது இதிலும் மார்க்கைக் குறைத்தது அலெக்ஸிதைமியாதான்.

எந்தப் பரீட்சையானாலும் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் இருக்கிறதா, பிரிவுவாரியாக மார்க் தருவார்களா என்று கேளுங்கள். கடையில் ஸ்டாக் எடுத்த நாளில் போகாதீர்கள். ‘எப்போது? யாரிடம்?’ என்று தோன்றும் கேள்விக்குப் பக்கத்திலேயே பென்சிலில் அதை எழுதிவிடுங்கள். நல்ல கவுன்சலர் மொத்த மார்க்குக்கு முன்னால் அந்தக் குறிப்புகளைப் படிப்பார். ஊனமுற்றோர் சான்றிதழுக்கு இந்த 19 எந்த வகையிலும் வராது. அதற்கு ‘இஸா’ என்ற இந்திய அளவுகோல் தனியாக இருக்கிறது, 40 அம்சம், 40 முதல் 200 வரை மார்க்.

சொந்தக்காரர்கள் விஷயம். டேமியன் மில்டன் என்ற ஆட்டிச ஆய்வாளர் 2012-இல் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழி மட்டும் ஆட்டிச நிலையாளர் தலையில் விழுகிறது என்று. மூன்று வருஷ மாத்திரைக் கணக்கை உங்கள் வீட்டார் அன்பாகப் படிக்கத் தவறினார்கள். அதற்கு எந்தத் தாளிலும் மார்க் இல்லை.

இனி ஒரு சாவு வீட்டுக்குப் போகும்போது நுரைக் காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை முழுக்க நிறுத்தாது, தாங்கும் அளவுக்குக் குறைக்கும். போனதும் ஒரே ஒரு ஆளிடம், அத்தையோ அண்ணியோ, ‘மேளம் அடிக்கும்போது மாடியில இருப்பேன், நின்னதும் வந்துடுவேன்’ என்று சொல்லி வையுங்கள். டீ ஊற்றுவது, வெளியூர்க்காரர்களுக்குப் போன் போடுவது என்று ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்துவார்கள். அப்போது இறங்கி வந்து தலைமாட்டில் உட்காருங்கள்.