தலைமுறை தாண்டி நிலைத்த குடும்பக் காட்டுச் சுற்றுலா நிறுவனம் ஏதாவது உண்டா? எப்படி நிலைத்தது?

உண்டு. தென்னாப்பிரிக்காவில் உள்ள லொண்டோலோசி. க்ரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டி, சாபி சாண்ட் என்ற தனியார் காப்பகத்துக்குள் இருக்கிறது. வார்ட்டி குடும்பம் அந்த நிலத்தை வாங்கி ஏறக்குறைய நூறு வருஷம். இப்போது நடத்துவது நான்காம் தலைமுறை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அங்கே தங்கியதில்லை. என் சம்பளத்துக்கு அது எட்டாத இடம். பக்கத்து க்ரூகரில் ஐந்து நாள் வாடகைக் காரில் சுற்றியவன், அவ்வளவுதான். அங்கே விதிகள் கறார்: சாலையை விட்டு வண்டி விலகக்கூடாது, வண்டியை விட்டு நாம் இறங்கக்கூடாது, இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். நான்காம் நாள் ஒரு சிறுத்தையைப் பார்த்தேன். சரியாகச் சொன்னால் ஒரு வாலைப் பார்த்தேன். அது புதருக்குள் போய்விட்டது; நான் சாலையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு முகாமில் பக்கத்துக் குடிலில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "அந்தப் பக்கம் சாபி சாண்டில் என்றால் வண்டியே புதருக்குள் பின்னால் போயிருக்கும்" என்றார். அப்படித்தான் இந்தக் குடும்பத்தின் கதைக்குள் நுழைந்தேன்.

1926. க்ரூகர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதே வருஷம். பழைய சாபி காப்பகத்தின் எல்லைகளைத் திருத்தி வரைந்தபோது மேற்குப் பக்கத்துத் தனியார் நிலங்கள் வெளியே விடப்பட்டிருந்தன. அதில் ஸ்பார்ட்டா என்று ஒரு பண்ணை. மாடு வளர்த்து நொடித்துப்போன இடம். சிங்கமும் நோயும் இருக்கும் ஊரில் மாடு எத்தனை நாள் தாங்கும்? சார்ல்ஸ் வார்ட்டியும் அவருடைய நண்பர் ஃப்ராங்க் அங்கரும் அதை வாங்கினார்கள். காட்டைக் காப்பாற்ற என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிங்க வேட்டைக்காக வாங்கினார்கள். சாண்ட் நதிக் கரையில் நான்கு மண் குடிசை போட்டு, வருஷா வருஷம் குளிர்காலத்தில் துப்பாக்கியோடு வந்து போனார்கள். சார்ல்ஸின் மகன் பாய்ட் காலத்திலும் இதே கதைதான்.

1969-இல் பாய்ட் இறந்துபோனார். பிள்ளைகள் ஜானுக்கும் டேவுக்கும் அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை, இளையவனுக்குப் பதினைந்து. குடும்பத்துக்கு ஆலோசனை சொன்னவர்கள் எல்லாரும் ஒரே பேச்சு: வருமானம் இல்லாத அந்த நிலத்தை விற்றுவிடுங்கள். கணக்கு நோட்டை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது நியாயம்தான். பையன்கள் விற்க வேண்டாம் என்று அடம் பிடித்தார்கள், அம்மா மேய்டி அவர்கள் பக்கம் நின்றார். நிறுவன வரலாறு எழுதுகிறவர்கள் நிறுவனர் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த நிறுவனத்தின் நிறுவனர் மேய்டிதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அதே நான்கு குடிசைகளில் விருந்தினரை வைத்துத் தொழில் தொடங்கியது. பழைய லேண்ட் ரோவர், பிற்பாடு டேவின் மனைவியான ஷானின் சமையல், மற்றபடி பெரிதாக எதுவும் இல்லை. லொண்டோலோசி என்ற பெயர் ஜூலு மொழியிலிருந்து எடுத்தது. உயிர்களைக் காப்பது என்ற பொருள் வரும்படி வைத்தார்கள். ஆனால் காட்டுவதற்கு விலங்கு வேண்டுமே? நிலம் மாட்டுப் பண்ணைக் காலத்துச் சேதத்தோடு முட்புதர் மண்டிக் கிடந்தது. போதாததற்கு, கோமாரி நோய் பரவாமல் தடுக்க என்று அறுபதுகளின் தொடக்கத்தில் க்ரூகரின் மேற்கு எல்லையில் வேலி போட்டிருந்தார்கள். காலங்காலமாக இரண்டு பக்கமும் போய்வந்த வில்டபீஸ்ட் என்ற, மாடு போன்ற பெரிய மான் கூட்டங்களின் வழி அதோடு அடைபட்டது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான் வருகிறது. கென் டின்லி என்ற சூழலியலாளர் வந்து பார்த்தார். பையன்கள் விலங்குகளைப் பற்றிக் கேட்க, அவர் மண்ணையும் தண்ணீரையும் பற்றிப் பேசினார். அந்தப் பகுதி கருங்கல் பாறை மேல் உட்கார்ந்த அலை அலையான மேட்டு நிலம். மேட்டின் உச்சியில் மணல். பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, சரிவின் நடுவில் களிமண் தட்டியதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் கசிந்து வெளியே வரும். அந்தக் கசிவுக் கோட்டில்தான் நல்ல புல் வளரும், மேய்கிற விலங்கு வந்து நிற்கும். அந்தக் கோட்டில் மாட்டை விட்டு மேய்த்தோ, வண்டிப்பாதை போட்டோ மண்ணை அரித்துவிட்டால், தண்ணீர் நிலத்தில் நிற்காமல் ஓடை கீறிக்கொண்டு நதிக்கு ஓடிவிடும். காய்ந்த இடத்தில் புல் போய் முட்புதர் ஏறும். புதர் ஏறினால் புல் தின்னும் விலங்கு வராது, அதன் பின்னால் வருகிற சிங்கமும் வராது. வருகிற விருந்தினருக்கும் கண்ணில் எதுவும் படாது.

ஆக, சஃபாரி நடத்த வந்தவர்கள் பல வருஷம் செய்த வேலை புதர் வெட்டுவது. வெட்டிய முள்ளை அரிப்பு ஓடைகளில் அடைத்து மண்ணைப் பிடித்தார்கள், தப்பான இடத்தில் போன பாதைகளை மாற்றினார்கள். தண்ணீர் தங்கியது, புல் வந்தது, புல்லுக்குப் பின்னால் மற்றதெல்லாம் வந்தது. டின்லி இன்னொன்றும் வலியுறுத்தினார்: பக்கத்தில் வாழும் ஷங்கான் மக்களுக்கு இதில் பங்கு இல்லாவிட்டால் இது நிலைக்காது. நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் முகத்துக்கு நேரே இதைச் சொன்னது சாதாரண விஷயமில்லை.

அடுத்த திருப்பம் 1979. அதுவரை அங்கே சிறுத்தை என்றால் இரவில் ஒரு நொடி விளக்கில் மின்னி மறைகிற கண். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியைப் பார்த்த விலங்கு, வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவிடும். அந்த வருஷம் ஒரு பெண் சிறுத்தை ஓடவில்லை. ஜான் வார்ட்டியும் எல்மன் ம்லோங்கோ என்ற ஷங்கான் தடம் பார்ப்பவரும் அவளைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். நெருக்காமல், வழியை மறிக்காமல், அவள் போதும் என்று காட்டினால் பின்வாங்கி. அவள் குட்டிகள் தாயைப் பார்த்து வண்டிக்குப் பயப்படாமல் வளர்ந்தன, அவற்றின் குட்டிகளும் அப்படியே. 'தாய்ச் சிறுத்தை' என்றே அவளுக்குப் பெயர். இன்று சிறுத்தை பார்க்க உலகமே சாபி சாண்டுக்குப் போகிறதென்றால் அதன் தொடக்கத்தில் அவள் இருக்கிறாள். ஒவ்வொரு சிறுத்தையையும் முகத்தில், மீசைக் கோட்டுக்கு மேலே உள்ள புள்ளிகளை எண்ணி அடையாளம் வைக்கிறார்கள். வலப்பக்கம் இத்தனை, இடப்பக்கம் இத்தனை என்று. ம்லோங்கோ போன்றவர்களின் கண் இல்லாமல் இந்தத் தொழிலே கிடையாது. விளம்பரப் படங்களில் ஓட்டுநரும் விருந்தினரும்தான் நடுவில் இருப்பார்கள். வண்டியின் முன்முனையில் தனி இருக்கையில் உட்கார்ந்து மண்ணைப் படிக்கிறவர் படத்தின் ஓரத்தில் இருப்பார்.

அப்புறம் வளர்ச்சிக் காலம். 1990-இல் மண்டேலா விடுதலையாகி, வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கிய நேரம். முதலீட்டாளர்களோடு சேர்ந்து 'கன்சர்வேஷன் கார்ப்பரேஷன்' என்று ஒரு பெரிய நிறுவனம் உருவானது. தென்னாப்பிரிக்காவிலேயே ஜூலு மக்கள் வாழும் பகுதியில் ஃபிண்டா காப்பகம், பிறகு வேறு நாடுகளிலும் விடுதிகள். லொண்டோலோசியும் அதற்குள் போனது. குடும்பத் தொழில்கள் பல இந்த இடத்தில்தான் குடும்பத்தின் கையை விட்டுப் போகும். இவர்கள் 2007-இல் லொண்டோலோசியைத் திரும்பத் தங்கள் கைக்கே எடுத்துக்கொண்டார்கள். பெரிதாகிப்போன நிறுவனத்தை விட்டு மறுபடி ஒரே இடத்துக்குத் திரும்பினார்கள். இப்போது டேவ், ஷான் தம்பதியின் பிள்ளைகள் ப்ரான்வினும் பாய்ட்டும் பொறுப்பில் இருக்கிறார்கள். தாத்தா பெயர்தான் பேரனுக்கு.

இதை ஒரு சாதனைக் கதையாக மட்டும் சொன்னால் பாதியை மறைத்ததாகும். 1926-இல் ஒரு வெள்ளைக்காரர் வாங்க முடிந்த நிலத்தை அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவர் வாங்க முடியாது. 1913-ஆம் வருஷத்து நிலச் சட்டம் அதற்கு வழி வைக்கவில்லை. பக்கத்திலேயே உள்ள மாலாமாலா காப்பகத்தை, அங்கிருந்து துரத்தப்பட்டவர்களின் வாரிசுகளான ந்வாண்ட்லம்ஹாரி சமூகத்துக்காக அரசு 2013-இல் நூறு கோடி ராண்டுக்கு மேல் கொடுத்து வாங்கித் திருப்பித் தந்தது. "எங்கள் குடும்ப நிலம்" என்ற சொல்லை அந்த வட்டாரத்தில் கொஞ்சம் தயங்கித்தான் உச்சரிக்க வேண்டும்.

ஆக, எப்படி நிலைத்தது என்று கேட்டால் என் பதில்: விற்கச் சொன்னபோது விற்கவில்லை, விலங்கைத் தேடுவதற்கு முன்னால் தண்ணீரைத் தேடினார்கள், ஒரு சிறுத்தைக்காகப் பல வருஷம் பொறுத்தார்கள். பணமும் அதிர்ஷ்டமும் காலமும் கூடவே இருந்தன.

க்ரூகருக்கும் சாபி சாண்டுக்கும் நடுவில் இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் நான் பார்த்ததும் அந்தத் தாய்ச் சிறுத்தையின் வழிவந்த ஒன்றாக இருக்கலாம் என்று ஒரு ஆசை. உறுதி செய்ய மீசைக்கு மேலே உள்ள புள்ளிகளை எண்ண வேண்டும். எனக்குக் காட்டியதோ வால்.