சிராவும் ஷிராஸும் ஒன்றா?

கேள்வி: நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டுவர்டாக இருக்கிறேன். எங்கள் வைன் பட்டியலில் ‘சிரா’ ஒன்றும் ‘ஷிராஸ்’ இரண்டும் இருக்கின்றன. என்ன வித்தியாசம் என்று விருந்தினர் கேட்டால் முழிக்கிறேன். நான் குடிக்கிற ஆளும் இல்லை. எப்படிப் பழகுவது?

பதில்: தம்பி, இரண்டும் ஒரே கறுப்புத் திராட்சைதான். பிரான்சில் சிரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று யாராவது கதை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். மரபணுச் சோதனையில் தாயும் தகப்பனும் பிடிபட்டுவிட்டன. இரண்டுமே தென்கிழக்குப் பிரான்சின் பழைய திராட்சைகள். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1832இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடித் துண்டுகளில் இதுவும் இருந்தது.

ஒரே செடி ஊருக்கு ஊர் ருசி மாறுவதை மலையகத்துப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டுமா? நுவரெலியாத் தேயிலை மெல்லிசு, பூ வாசம். ஜூலை, ஆகஸ்ட்டில் வறண்ட காற்றடித்தால் ஊவாத் தேயிலையில் தைலம் மாதிரி ஒரு வாசம் ஏறும். கீழ்நாட்டுத் தேயிலை கறுத்து, கெட்டியாக இறங்கும். சிராவும் அப்படித்தான்.

பிரான்சில் ரோன் நதியின் வடபகுதியில் கொடிகள் செங்குத்தான கருங்கல் சரிவுகளில் நிற்கின்றன. பல இடங்களில் கையால்தான் பறிக்க வேண்டும், நம் கொழுந்து மாதிரி. அந்த வைனில் மிளகு, ஒலிவ், கொஞ்சம் புகை வாசம் இருக்கும். புளிப்பும் துவர்ப்பும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயரைத் தேடாதீர்கள், ஊர்ப்பெயர்தான் இருக்கும்: ஹெர்மிட்டாஜ், கோர்னாஸ், க்ரோஸ்-ஹெர்மிட்டாஜ், கோட்-ரோட்டி. (கடைசிப் பெயருக்கும் நம் ரொட்டிக்கும் சம்பந்தமில்லை.)

அந்த மிளகு வாசம் வெறும் கற்பனை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கறுப்பு மிளகில் இருக்கும் ரொட்டண்டோன் என்ற அதே பொருள் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதைக் காட்டினார்கள். குளிர்ந்த இடத்தில் விளைந்தால் அது கூடும். வேடிக்கை என்னவென்றால், ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த வாசம் மூக்கில் ஏறவே ஏறாது. விருந்தினர் “மிளகா? எங்கே?” என்று கேட்டால் வாதாடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கு நல்ல வெயில். பழம் முற்றிப் பழுத்துச் சர்க்கரை ஏறும், அதனால் அல்கஹோலும் ஏறும். ஜாம், சாக்லேட், மரப்பீப்பாயின் வெனிலா வாசம், கொழகொழவென்று வாய் நிறையும். அதே ஆஸ்திரேலியாவிலும் குளிரான இடங்களில் செய்கிறவர்கள் சிலர் ‘சிரா’ என்றே லேபிள் ஒட்டுகிறார்கள், பிரெஞ்சுச் சாயல் என்று சொல்லாமல் சொல்ல.

பெயர் குழப்பினால் போத்தலில் அல்கஹோல் எண்ணைப் பாருங்கள். 13க்குப் பக்கம் என்றால் மிளகுப் பக்கம், 14.5க்கு மேல் என்றால் ஜாம் பக்கம். எப்போதும் சரியாக வராது, ஆனால் பெரும்பாலும் கை கொடுக்கும்.

குடிக்கத் தேவையில்லை. தேயிலை ருசி பார்க்கிறவர்கள் உறிஞ்சித் துப்புவதைப் பார்த்திருப்பீர்களே, வைனுக்கும் அதுதான் முறை. மாத்தளை மிளகு நாலை நசுக்கிச் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். அதை ஒருமுறை, கிளாஸை ஒருமுறை என்று மாறி மாறி முகருங்கள். மேலாளரிடம் சொல்லி, இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு வாய் ஊற்றித் தரச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உறைப்பான கறிக்கு 15 சதவீத ஷிராஸைக் கொடுத்தால் நாக்கு இரண்டு மடங்கு எரியும். மிளகு போட்ட ஆட்டிறைச்சிக்கு ரோன் சிரா நன்றாகச் சேரும்.

அப்புறம் சூடு. பரிமாற 16 முதல் 18 பாகை சரி. நுவரெலியாவில் இரவு போத்தல் அலமாரியிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும்; அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். கொழும்புக்கு மாற்றலாகிப் போனால், பரிமாற முன் அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வையுங்கள்.