வழி சொல்லத் தெரிந்த பிள்ளை

கேள்வி:

அன்பான டீச்சருக்கு வணக்கம். நான் ஹட்டனில் இருக்கிறேன். தமிழ்ப் பட்டதாரி, வயது 27, நியமனம் இன்னும் கிடைக்கவில்லை. இங்கே நான்கு குடும்பங்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறார்கள். மற்றப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் எழுத்தும் இலக்கியமும் மட்டும் என் பொறுப்பு. சனிக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம், ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வகுப்பு. ஏழு பிள்ளைகள். சின்னவளுக்கு 9 வயது, மூத்தவனுக்கு 15.

பேச விட்டால் ஏழு பேரும் நன்றாகப் பேசுகிறார்கள். எழுதச் சொன்னால் ஏழு கொப்பியிலும் ஒரே கட்டுரை: "மழை இயற்கையின் கொடையாகும்." வீட்டில் எழுதுவதை அம்மாமார் திருத்தி, திரும்பவும் அழகாக எழுத வைத்துத்தான் அனுப்புகிறார்கள். போன மாதம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பாடும் தாலாட்டு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் ஒரு அம்மா போன் எடுத்து, "மிஸ், அந்த லயத்துப் பாட்டெல்லாம் வேணாங்க, குறளும் பாரதியும் போதும்" என்றார். பரீட்சைக்கும் ஆயத்தம் பண்ண வேண்டுமாம். எங்கே தொடங்குவது?

வாசகி, ஹட்டன்

பதில்:

அன்பு மகளுக்கு,

தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்துவிட்டு ஓய்வெடுத்த பிறகு, பண்டாரவளையில் உங்களைப் போலவே ஒரு வீட்டு மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தமிழ் எடுத்தேன். அந்த "இயற்கையின் கொடை" என் மேசைக்கும் வந்தது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் படிக்கும் பிள்ளையின் எழுத்தை வாசிக்க ஒரே ஆள்தான், அம்மா. அம்மாவுக்கு எல்லாம் முன்னமே தெரியும். "நேற்று மாமா வந்தார்" என்று பிள்ளை எழுதினால் எந்த மாமா, ஏன் வந்தார், வந்தவர் அப்பாவோடு ஏன் பேசாமல் போனார் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தவருக்கு என்னத்தைச் சொல்வது? பாடசாலையில் என்றால் பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்து "எந்த மாமாடா?" என்பான். உங்கள் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. ஏழு பேரும் பேச்சில் கெட்டிக்காரராக இருப்பதும் இதனால்தான். பேசும்போது எதிரே ஒரு முகம் இருக்கிறது, கொப்பிக்குள் யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் "இயற்கையின் கொடை" வந்து குந்திக்கொள்ளும்.

ஆகவே மகள், நீங்கள் முதலில் கொடுக்க வேண்டியது தலைப்பும் அல்ல, இலக்கணமும் அல்ல. வாசிக்க ஆள் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மற்ற ஆறு பேர் கைவசம் இருக்கிறார்கள்.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது, அதை எழுதுங்கள் என்றேன். வீட்டு இலக்கம் எழுதக் கூடாது, படம் போடக் கூடாது. அடுத்த வாரம் கொப்பிகளை மாற்றிக் கொடுத்து, எழுதியிருப்பதை மட்டும் வைத்து வழியை வரையச் சொன்னேன். வாய் திறந்து விளக்கம் கேட்கக் கூடாது என்பது சட்டம். பதினொரு வயதுப் பையன் ஒருவன், நல்ல பேச்சுக்காரன், இப்படி எழுதியிருந்தான்: "கோயிலுக்குப் பக்கத்தில் திரும்பி கீழே வந்தால் எங்கள் அழகிய இல்லம் அமைந்துள்ளது." வரைந்த பிள்ளை கோயிலைப் போட்டாள், திரும்பினாள், கீழே வந்தாள், வீட்டைக் கொண்டுபோய்க் கீழே ஓடும் ஓயாவுக்கு நடுவில் வைத்துவிட்டாள். அவன் எழுந்து நின்று, "அது எங்க வீடு இல்ல!" என்று கத்தினான். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "நீ எழுதினதுதானே வரைஞ்சேன்" என்றாள் அவள், பென்சிலைக் கீழே வைக்காமல்.

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவனே கொப்பியைப் பறித்துக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். இருபது நிமிடம் கழித்து வந்தது இது: "பெரிய முடக்கில் இறங்குங்க. பஸ் போன பிறகு ரோட்டைக் கடங்க. மாதா சொரூபத்துக்கு இடது கைப் பக்கம் படிக்கட்டு இருக்கு. 42 படி. 19ஆவது படி உடஞ்சி கிடக்கு, பாத்து வாங்க."

அந்த "பாத்து வாங்க" இருக்கிறதே, அது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை. முன்னே பின்னே தெரியாத ஒருவர் மழையில் நனைந்துகொண்டு அந்தப் படியில் இறங்கி வருவதை அவன் மனதுக்குள் பார்த்துவிட்டான். அன்றைக்கு அவனுக்கு எழுத்து வந்தது. "கடங்க", "உடஞ்சி" என்பதையெல்லாம் அன்று நான் தொடவே இல்லை.

திருத்தம் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், என் மனதில் இன்னும் உறுத்தும் விஷயம் அது. அந்த வகுப்பின் முதல் மாதம், அப்பாயி இறந்ததைப் பற்றி ஒரு சிறுமி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனையை எடுத்து ர, ற எல்லாவற்றையும் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதினான்கு வட்டம். அப்பாயியைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பிள்ளை அரைப் பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. எழுதிய அரைப் பக்கத்திலும் பிழை இல்லை, உயிரும் இல்லை. ஆகவே பிள்ளை எழுதிக்கொண்டு வரும் ஒன்றுக்கு ஒரு வகைத் திருத்தம் போதும். இந்த வாரம் ல, ள, ழ என்றால் அது மட்டும். ண, ன அடுத்த மாதம் வரட்டும். பேச்சில் வரும் சொல்லைப் பேச்சாகவே எழுதட்டும். கதை சொல்கிறவர் மொழி வேறு, கதைக்குள் பேசுகிறவர் மொழி வேறு என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தரம் காட்டினால் விளங்கிவிடும்.

அம்மாமார் திருத்தி அனுப்புவது பாசத்தில் செய்வது, சண்டை பிடிக்க வேண்டாம். "எனக்கு வெட்டுக் கொத்தோட இருக்கிற கொப்பிதான் வேணும், நல்ல பிரதி வருஷக் கடைசிக்கு" என்று சொல்லிவிடுங்கள். எழுதத் தொடங்குவதையும் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிடம் எல்லாரும் எழுத வேண்டும், நீங்களும் சேர்ந்து. அம்மாமாருக்கு வேறு வேலை கொடுக்கலாம். பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, விளங்காத இடத்தில் மட்டும் கை தூக்க வேண்டும். பிழை சொல்லக் கூடாது. இதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். தள்ளிப்போடாமல் அடுத்த வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வயது வித்தியாசத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுப்பதற்கு முன், நான் படித்த தோட்டப் பாடசாலையில் கொட்டகை போல ஒரு மடுவம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. மூன்றாம் வகுப்புக்காரர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே முதலாம் வகுப்பில் இருந்த எனக்கு அவர்களுடைய பாடம் பாடமாகிப்போனது. ஒன்பது வயதுக்காரி கேட்கும் கேள்விக்கு 15 வயதுக்காரன் பதில் தேடினால் இரண்டு பேருக்கும் லாபம்.

இலக்கியத்துக்கு வருகிறேன். காதில் இருந்து தொடங்குங்கள். புத்தகத்தை விரிக்க முன் நீங்கள் சத்தமாக வாசியுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். அர்த்தம் சொல்ல அவசரப்படாதீர்கள். கோப்பிக் காலத்துத் தோட்டப் பாட்டு ஒன்று நம் எல்லாருக்கும் தெரியும். கோப்பிக் கன்று போட்ட மலையும் அண்ணனைத் தோற்ற, அதாவது பறிகொடுத்த, மலையும் அதில் ஒரே மலைதான், அது "அந்தா" தெரிகிறது என்று பாட்டு முடியும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு காலை முழுவதும் ஓட்டியிருக்கிறேன். "அந்தா" என்று சொன்னால் கை எங்கே போகும்? ஐந்து கையும் ஜன்னல் பக்கம் நீண்டது. அப்படியானால் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். யார்? "புதுசா வந்த ஆளுக்குக் காட்டுறாங்க" என்றாள் ஒருத்தி. "தனியாத்தான் இருக்காங்க, தனக்கே சொல்லிக்கிறாங்க" என்றான் இன்னொருவன். சண்டை வந்துவிட்டது, நான் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், இங்க தேயிலைதானே இருக்கு, ஏன் கோப்பி?" அதற்கு நான் என்ன சொல்ல? 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதையும், 1869இல் கோப்பி இலையில் துருப் பிடித்ததுபோல நோய் வந்ததையும், மலை மலையாகக் கோப்பியை வெட்டிவிட்டுத் தேயிலை நட்டதையும் சொன்னேன். சரித்திரப் பாடமாகச் சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்கள். பாட்டு கேட்க வைத்த கேள்வி ஆனபடியால் ஐந்து பேரும் அசையாமல் கேட்டார்கள்.

மூத்தவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று நினைக்கிறேன். அவனுக்கு சி.வி. வேலுப்பிள்ளையைக் கொடுங்கள். 1954இல் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையை சக்தீ பால ஐயா தமிழாக்கி, 1969இல் அது நூலாக வந்தது. முதலில் ஆங்கிலத்தில் நான்கு வரியை அவனே தமிழாக்கட்டும். பிறகு பால ஐயாவைத் திறக்கட்டும். எந்தச் சொல்லில் தான் தடுக்கி விழுந்தான், அவர் அதை எப்படித் தாண்டினார் என்று பார்க்கும்போது அவனுக்கு இரண்டு மொழியும் கூர்மையாகும். வீட்டில் இரண்டு மொழியில் வளரும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியாது. வாதம் எழுதப் பழக்க வேண்டும் என்றால் மாசியில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். லாவணி என்ற வாதப் பாட்டில், மன்மதன் எரிந்தான் என்று எரிந்த கட்சியும் எரியவில்லை என்று எரியாத கட்சியும் இரண்டு பக்கமும் நின்று மல்லுக்கட்டுவதைக் கேட்டுவிட்டு வந்தால் கட்டுரைக்குக் கட்சி பிரிப்பது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் எழுத்து என்பதற்காக எல்லாவற்றையும் எல்லா வயதுக்கும் கொடுக்க முடியாது. தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் முழுக் குடும்பமும் வாழும் நெருக்கடியைச் சொல்பவை உண்டு. 15 வயதுக்கு முன் அவற்றை நான் எடுக்க மாட்டேன். முதலில் நீங்கள் முழுதாக வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். புத்தகம் கிடைக்காவிட்டால் 'நூலகம்' இணையத்தளத்தில் தேடுங்கள். ஈழத்து, மலையக நூல்களும் பழைய சஞ்சிகைகளும் அங்கே நிறைய இருக்கின்றன, காசும் இல்லை.

பரீட்சைக்குப் பெரிதாகக் கவலை வேண்டாம். சாதாரண தரத்துக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் எடுப்பதா, கூடவே விருப்பப் பாடமாகத் தமிழ் இலக்கிய நயமும் எடுப்பதா என்று பெற்றோரிடம் முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பாடத்திட்டம் வேறு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், தனியாக, நேரம் வைத்துக் கடந்தகால வினாத்தாள் செய்யப் பழக்கினால் போதும். 9 வயதுக்காரியை அதற்குள் இழுக்காதீர்கள். இன்னொன்று, நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அந்த விஷயத்தில் கல்வி அலுவலகத்தோடு பேசுவது பெற்றோரின் வேலை. உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக அந்தப் போன். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் லயத்தில் பிறந்து டவுனுக்குப் போனவராகத்தான் இருக்க வேண்டும். லயத்தைத் தெரியாதவர் "லயத்துப் பாட்டு" என்று அப்படிப் பயந்து சொல்ல மாட்டார். விலாசத்தில் தோட்டத்துப் பெயரைக் கண்டதும் முகம் மாறும் ஆட்களை அவர் பார்த்திருப்பார். பிள்ளைக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறார். குறளும் பாரதியும் கட்டாயம் எடுங்கள். ஆனால் தாலாட்டை விட்டுவிடாதீர்கள். சி.வி. மடகும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையில் இருந்து பாராளுமன்றம் போனவர், தோட்டத்து மக்கள் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கியவரும் அவர்தான் என்று அந்த அம்மாவிடம் ஒரு நாள் சொல்லிப் பாருங்கள்.

அதோடு, பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் யாராவது பெரியவர் பாடிய தாலாட்டையோ ஒப்பாரியையோ, பாடுகிறவர் உச்சரிக்கிற மாதிரியே எழுதிக்கொண்டு வர வேண்டும், ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. அந்த அம்மாவின் பிள்ளை அம்மாவிடம்தான் போய்க் கேட்கும். "எனக்கொண்ணும் தெரியாது போ" என்று சொல்லுவார். விட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டில் தேத்தண்ணி ஊற்றும்போது நீங்கள் அவர் பக்கத்தில் நின்று கேளுங்கள், "உங்க அம்மா என்ன பாடித் தூங்க வச்சாங்க?" என்று. முதல் வரி தொடங்கியதும் பிள்ளையைக் கூப்பிடுங்கள், கொப்பியோடு வரட்டும்.