வீட்டுப் போனை எடுக்கவே பயப்படும் அம்மா

கேள்வி: கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு வயது 74. வீட்டில் இன்னும் லேண்ட்லைன் வைத்திருக்கிறோம். "இரண்டு மணி நேரத்தில் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்" என்று அடிக்கடி பதிவுக்குரல் வருகிறது. போன வாரம் ஒருவன், காலமான அப்பாவின் பெயரைச் சொல்லி, "அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, மும்பை போலீஸ் பேசுகிறோம்" என்றானாம். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இணைப்பை சரண்டர் செய்துவிடலாமா? அம்மா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: சரண்டர் செய்யாதீர்கள். சொந்தபந்தம் எல்லோருக்கும் மனப்பாடமான நம்பர் அது. எவனோ மிரட்டினான் என்று அம்மா ஏன் அதை இழக்க வேண்டும்?

முதலில் அப்பா பெயர் விஷயம். அம்மாவை நடுங்க வைத்தது அதுதான். நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். முன்பெல்லாம் சந்தாதாரர் பெயர், விலாசம், நம்பர் எல்லாவற்றையும் டைரக்டரியில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தோம். அந்தப் பெயர் யார் கைக்கும் போயிருக்கலாம். பெயரைச் சரியாகச் சொன்னான் என்பதற்காக அவன் போலீஸ் ஆகிவிட மாட்டான். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும்.

லேண்ட்லைன் வழியாக யாரும் நேரடியாகப் பணத்தை எடுத்துவிட முடியாது. இவர்களுக்கு அது வெறும் வாசல்தான். பேச்சுக்கு நடுவே "உங்கள் செல் நம்பர் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்புகிறோம்" என்பார்கள். அப்புறம் வீடியோ காலில் காக்கிச் சட்டை, போலி முத்திரை, வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும் "டிஜிட்டல் அரெஸ்ட்" எல்லாம் வரும். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். எனவே அம்மாவுக்கு முதல் விதி இதுதான்: வீட்டுப் போனில் யார் கேட்டாலும் செல் நம்பர் சொல்லக் கூடாது.

அந்த 9 சமாச்சாரமும் ஏமாற்றுதான். தொலைபேசி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பு எந்தச் சந்தாதாரரையும் கூப்பிட்டு இணைப்பை வெட்டுவதாகச் சொல்வதில்லை. 9-ஐ அழுத்தினால் மறுமுனையில் ஆள் வந்துவிடுவான். "இந்த நம்பரில் ஒருவர் பயந்துபோய் அழுத்துகிறார்" என்ற தகவலும் அவனுக்குக் கிடைத்துவிடும்.

நம் அம்மாக்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல் மரியாதை. "ஒரு நிமிஷம் இருங்க தம்பி, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்" என்று போய், அவன் சொல்வதை எல்லாம் காலண்டர் தாளில் எழுதிக்கொள்வார்கள். பதில் சொல்லாமல் பாதியில் ரிசீவரை வைப்பது மரியாதைக் குறைவு இல்லை என்று நீங்கள்தான் அவருக்குச் சொல்லித்தர வேண்டும். "மகளைக் கேட்டுச் சொல்றேன்" என்றுகூடச் சொல்ல வேண்டாம், மறுபடி கூப்பிடுவான். நீங்கள் அம்மாவைக் கூப்பிடும்போது ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டு, உடனே மறுபடி அடியுங்கள். உங்கள் அழைப்பு என்று அவருக்குத் தெரியும்.

நம்பர் தெரிகிற போன் வாங்கிக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் திரையில் தெரியும் நம்பரையும் போலியாகக் காட்ட முடியும், அதை மட்டும் நம்ப வேண்டாம். பேங்க் என்று சொன்னால் வைத்துவிட்டு, பாஸ்புக்கில் இருக்கும் கிளை நம்பருக்கு நாமே பேச வேண்டும். லோன், மனை விளம்பரத் தொல்லைக்கு அந்தப் போனிலிருந்தே 1909-க்கு அடித்து, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று டிஎன்டி பதிவு செய்யலாம். மோசடிக்காரன் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுவதில்லை, அவனை அது தடுக்காது. அவன் பேசிய நம்பரை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் நீங்களே புகார் செய்யுங்கள்.

ஒருவேளை பணம் போய்விட்டால், சைபர் குற்ற உதவி எண் 1930. தேதி கிழமை பார்க்காமல் அந்த நிமிஷமே அடிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. இங்கேதான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவைத் திட்டாதீர்கள். "உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது" என்று ஒரு முறை கத்திவிட்டால், அடுத்த முறை நடந்ததை மறைத்துவிடுவார், அந்த முக்கியமான நேரம் போய்விடும்.

இன்னொன்று, இணைப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இறப்புச் சான்றிதழும் அம்மாவின் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போய் அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்கள்.