பருந்துக்கு ஒரு ஊசி

அன்புள்ள ஐயா,

பூனை ஏன் எலியைத் துரத்துகிறது என்று என் ஏழு வயது மகள் கேட்டாள். தேடியதில் சீனக் கதை ஒன்று, ஐரோப்பியக் கதை ஒன்று, கோழி – பருந்து பகை பற்றி ஆப்பிரிக்கக் கதை ஒன்று கிடைத்தன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. மூலம் நம் பஞ்சதந்திரம்தானா? அப்புறம், முடிவில் இரண்டும் சமாதானமாகிவிட்டதாக மாற்றிச் சொல்கிறேன். தப்பில்லையே?

கே.

அன்புள்ள கே.,

மூலத்தை விடுங்கள். எந்தக் கதைக்கும் விதை நம் வீட்டுப் பரணில்தான் இருந்தது என்று நிறுவுவதில் நமக்கு ஒரு தனி ஆசை. பூனையும் எலியும் எங்கும் இருக்கின்றன, கதையும் இருக்கும்.

சில நாட்களாக வேறொன்று என்னைக் குடைந்துகொண்டிருந்தது. இந்தக் கதைகளில் குற்றவாளி யார்? சீனக் கதையில், ஆண்டுகளுக்குப் பெயராக விலங்குகளைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று எலி பூனையை எழுப்பாமல் போய்விடுகிறது. ஐரோப்பாவில் நாய்கள் தங்கள் உரிமைப் பத்திரத்தைப் பூனையிடம் கொடுத்துவைக்க, எலி அதைக் கொறித்துவிடுகிறது. ஆகவே நாய் பூனையைத் துரத்தலாம், பூனை எலியைத் தின்னலாம். ஆப்பிரிக்கக் கோழி பருந்திடம் இரவல் வாங்கிய ஊசியைத் தொலைத்துவிட்டு இன்றுவரை மண்ணைக் கிளறுகிறது. கிடைக்கும்வரை குஞ்சுகள் பருந்துக்கு. மகாபாரதத்தில் கத்ரு, வெள்ளைக் குதிரையின் வால் கறுப்பு என்று தன் சகோதரி வினதையிடம் பந்தயம் கட்ட, அவள் ஜெயிப்பதற்காக அவள் பிள்ளைகளான பாம்புகள் அந்த வாலில் கருமுடியாகத் தொங்கின. தோற்றுப்போன வினதையின் மகன் கருடன் பாம்புகளைத் தின்கிறான்.

தின்னப்படுவது எதுவோ, அதன் தலையில்தான் பழி. பசி என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ஊசி, பத்திரம், பந்தயம் என்று வழக்குக் கட்டு தயாராகிறது. கடன்பட்டவள் தாய், அடைப்பது குஞ்சு! இதையெல்லாம் பருந்து உட்கார்ந்து எழுதியதோ என்று எனக்குச் சந்தேகம்.

காகமும் ஆந்தையும் கொஞ்சம் வேறு. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று குறளே சொல்கிறது. இரவில் நிலைமை தலைகீழ். சமபலம் என்பதால் அங்கே தொலைந்த பொருள் எதுவும் தேவைப்படவில்லை. ஆந்தையை அரசனாக்கப் பறவைகள் கூடியபோது, 'கோபம் வராதபோதே முகம் இப்படி' என்று காகம் வாயைவிட்டது, அது போதும்.

பஞ்சதந்திரத்தை நீங்கள் இழுத்ததால் சொல்கிறேன். அதில் ஹிரண்யகன் என்ற எலி, காரணத்தால் வந்த பகை காரணம் தீர்ந்தால் தீரும், இயல்பான பகை உயிரோடுதான் போகும் என்கிறது. தின்னப்படுகிற பிராணி வாய் திறந்தால் விஷயம் எவ்வளவு தெளிவாகிறது பாருங்கள். (பிறகு அதே எலி காகத்தோடு நட்பாகிறது. சரி, அது தனிக் கதை.)

உங்கள் சமாதானம்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. குழந்தைக்காக மூன்று கண்டங்களைத் துழாவியவர், கடைசி வரியில் ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்? நாளைக்கே வாயில் எலியோடு ஒரு பூனை அவள் முன்னால் போகும். அப்போது என்ன சொல்வீர்கள்?

எனக்கும் இதில் ஒரு பாவம் உண்டு. என் தங்கைக்கு அப்போது ஆறு வயது. கோழிக்குஞ்சு ஒன்றைப் பருந்து தூக்கிப்போன அன்று, அவள் அழுகையை நிறுத்த இந்த ஊசிக் கதையைச் சொன்னேன். சட்டென்று நிறுத்திவிட்டாள். மறுநாள் காலை மதில்மேல், ஒரு கல்லுக்கு அடியில், அம்மாவின் ஊசி. கறுப்பு நூல் கோத்து, பருந்து கவ்வ வசதியாக நுனியைத் தொங்கவிட்டிருந்தாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு குஞ்சு போயிற்று. அவள் அழவில்லை. மதிலில் ஏறிக் கல்லைத் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணா, அது ஊசியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை" என்றாள்.