இரண்டு அங்குலக் குழலுக்கு எந்தத் தோட்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை அமெரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குட்டைக் குழல் ரிவால்வரைப் பற்றியவை. மாதிரியின் பெயரையும் குழலில் பொறித்திருக்கும் காலிபரையும் (தோட்டாவின் அளவை) எழுதாமல், ‘நல்ல தோட்டாவாக ஒன்று சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்டவர்களின் கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். நோயைச் சொல்லாமல் மருந்துக் கடையில் மாத்திரை கேட்பதற்கு ஒப்பானது அது.

கேள்வி: ஸ்மித் அண்ட் வெசன் 642 வாங்கியிருக்கிறேன். கடையில் .38 ஸ்பெஷலில் மட்டும் ஒரு சுவர் நிறையத் தோட்டாப் பெட்டிகள் இருக்கின்றன. எதை எடுப்பது? (டாலஸ்)

பதில்: நான்கு அங்குலக் குழலில் நொடிக்கு 900 அடி வேகத்தில் செல்லும் குண்டு, உங்கள் குழலில் 800 அடியை எட்டினாலே பெரிது. அந்த வேகத்தில் பட்டதும் விரிவதற்காக முனையில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் குண்டுகள் பலவற்றின் குழியைத் துணி அடைத்துக்கொள்வதால் அவை விரியாமலேயே போகின்றன. வேறு சில சீக்கிரமே விரிந்து, போதிய ஆழம் செல்லாமல் நின்றுவிடுகின்றன. 1986ஆம் ஆண்டு மயாமியில் கொள்ளையரோடு நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த சோதனை, ஜெலட்டின் கட்டியில் குண்டு செல்ல வேண்டும் என்று கேட்பது 12 முதல் 18 அங்குல ஆழம். முதலில் ஆழம், அதன் பிறகுதான் விரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டைக் குழலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் பிளஸ் பி உங்கள் ரிவால்வருக்குப் பொருந்தும் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு, பிளஸ் பி என்பது சாதாரணத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டா). அதன் உதை அதிகமாகத் தோன்றினால் 148 கிரெய்ன் வாட்கட்டர் போதும். அது 700 அடிக்கும் குறைவான வேகத்தில் சென்றாலும், விரிவதை நம்பியிராமல், கூரிய விளிம்பால் நேராகத் துளைத்துக்கொண்டு போகும். அதன் முனை தட்டையாக இருப்பதால் அவசரத்தில் சிலிண்டருக்குள் நுழைக்கச் சிரமப்படுவீர்கள் என்பது ஒன்றே குறை. எதை வாங்கினாலும் குறைந்தது ஒரு பெட்டியையாவது உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டுப் பார்த்த பிறகுதான் இடுப்பில் வையுங்கள்.

கேள்வி: சுமந்து செல்லும் உரிமம் கிடைத்துவிட்டது. ஹாலோ பாயிண்ட் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: கூடாது. உங்கள் மாநிலத்தில் அதை வீட்டில் வைத்திருக்கலாம், சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் சுமந்து செல்லும் உரிமம் அந்தத் தடையை நீக்கிவிடாது. ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ் போலக் குழியைப் பாலிமரால் நிரப்பிய குண்டுகளை மாநிலக் காவல் துறை அந்த வகையில் சேர்ப்பதில்லை. வாட்கட்டருக்கும் சிக்கல் இல்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால், வாங்கும் நாளில் காவல் துறையின் விளக்கத்தை மறுபடி படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு அவுன்ஸ் எடையுள்ள .357 ரிவால்வர் வைத்திருக்கிறேன். அதில் வலிமை கூடிய மேக்னம், .38 இரண்டையும் சுடலாம் என்பதால், மேக்னம் இருக்கும்போது .38 எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். (ஹூஸ்டன்)

பதில்: அந்த நண்பர்களில் ஒருவரையாவது உங்கள் ரிவால்வரில் ஐந்து மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுடச் சொல்லுங்கள். மூன்றாவது தோட்டாவுக்குள் அவருக்குக் கண் தானாக மூடும், ஐந்தாவது எங்கே போனது என்று இலக்குத் தாளில் தேட வேண்டியிருக்கும். இந்த மேக்னம் மோகத்தைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது; ஆனாலும் கடைக்காரர்கள் விற்றுக்கொண்டும் வாசகர்கள் வாங்கிக்கொண்டும்தான் இருக்கிறார்கள். நான்கு அங்குலக் குழலில் 1450 அடியைத் தொடும் 125 கிரெய்ன் மேக்னம் குண்டு, இரண்டு அங்குலக் குழலில் 1200 சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. எரிந்து முடியாத வெடிமருந்து குழல் வாயில் நெருப்புப் பந்தாக வெளியேறி, இருட்டில் உங்கள் கண்ணையே கூசச் செய்யும். மூடிய அறையில் அந்தச் சத்தம் செவிப்புலனை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். ஆபத்து நேரத்தில் முதல் தோட்டாவோடு வேலை முடிந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் அதே இடத்தில் விரைவாகப் பதிக்க விடாத தோட்டாவின் வலிமை காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. இத்தனை எடை குறைந்த துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது, இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் குண்டுகள் பித்தளைக் கூட்டிலிருந்து மெல்ல முன்னே நழுவுகின்றன. ஒன்று சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. துப்பாக்கி அங்கேயே முடங்கிவிடும். ஐந்து தோட்டா நிரப்பி நான்கைச் சுடுங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, ஐந்தாவது தோட்டாவின் நீளத்தைக் காலிப்பர் என்னும் அளவுக் கருவியால் அளந்து, பெட்டியிலிருக்கும் புதிய தோட்டாவோடு ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்தத் தயாரிப்பு உங்களுக்கு வேண்டாம். டைட்டானியம் சிலிண்டர் கொண்ட ஸ்மித் அண்ட் வெசன் மாதிரிகளின் குழலிலேயே, மேக்னத்தில் 120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று பொறித்திருப்பார்கள். உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிறகு .38 பிளஸ் பி தோட்டா ஒரு பெட்டி வாங்கி, முன்பே சொன்னபடி சுட்டுப் பாருங்கள். நண்பர்களின் கேலி தானே அடங்கும்.

கேள்வி: என் மனைவிக்குக் கையில் வலு குறைவு. அவருக்கு எந்தத் தோட்டா சரி? (அட்லாண்டா)

பதில்: கடிதத்தை அவரே எழுதியிருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பேன். உதை தாங்கவில்லையா, விசையை இழுக்க முடியவில்லையா என்பதை நீங்கள் குறிப்பிடவே இல்லை. இரண்டும் வெவ்வேறு குறைகள். இத்தகைய ரிவால்வர்களில் விசையின் இழுவிசை பன்னிரண்டு பவுண்டு வரை இருப்பது சாதாரணம், அதைத் தோட்டாவால் குறைக்க முடியாது. உதைதான் சிக்கல் என்றால் .32 காலிபரைப் பாருங்கள். .327 ஃபெடரல் மேக்னத்துக்கான ரூகர் எல்.சி.ஆர். ஐந்துக்குப் பதில் ஆறு தோட்டா கொள்ளும்; அதிலேயே மென்மையான .32 எச் அண்ட் ஆர் மேக்னத்தையும் சுடலாம். வாங்குவதற்கு முன் வாடகைத் துப்பாக்கி கிடைக்கும் சுடுதளத்துக்கு அவரை அழைத்துச் சென்று, அவர் கையிலேயே கொடுத்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 1960களில் செய்யப்பட்ட ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 36 ரிவால்வர் ஒன்று கிடைத்தது. பிளஸ் பி போடலாமா?

பதில்: வேண்டாம், சாதாரண அழுத்த வாட்கட்டரே அதற்கு அழகு.

கேள்வி: சிறு ரவைகள் அடைத்த பாம்புத் தோட்டாவைத் தற்காப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பாம்பிடமிருந்து தற்காத்துக்கொள்ள மட்டும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் ரிவால்வரை என் அறையில் வைத்திருக்கிறேன், எந்தத் தோட்டா வாங்கட்டும்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். உங்கள் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும், அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். இந்த வரியைப் படித்த கையோடு அவரை அழையுங்கள், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: சென்னைக்குப் போகும்போது பையில் ஓரிரு தோட்டா தவறுதலாக இருந்துவிட்டால் பெரிய பிரச்சினையா?

பதில்: பெரிய பிரச்சினைதான். ஒரே ஒரு தோட்டாவாக இருந்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். தெரியாமல் இருந்துவிட்டது என்பதை நீங்கள் நீதிமன்றம் வரை சென்று விளக்க வேண்டியிருக்கும். சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லும் பையை ஊருக்கு எடுத்துச் செல்லவே வேண்டாம்.